கால்சியம் ரியாக்டர் வைக்கலாமா, வேண்டாமா?

அலைவாய்: என் 400 லிட்டர் பவளத் தொட்டியில் ஆல்கலினிட்டி, அதாவது நீரிலுள்ள பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு, நாளொன்றுக்கு 1.5 டிகேஎச் (அதன் அலகு) இறங்குகிறது. கால்சியத்துக்கு ஒன்று, ஆல்கலினிட்டிக்கு ஒன்று என இரண்டு கரைசல்களைத் தினமும் அளந்து ஊற்றி அலுத்துவிட்டது. இவ்விரண்டையும் சில்லுகளிலிருந்து கரைத்துத் தரும் கால்சியம் ரியாக்டருக்கு மாறலாமா?

கிளிஞ்சல்: வேண்டாம். அது கார்பன் டை ஆக்சைடில் ஓடும் கருவி. வினையில் தீராத வாயு தொட்டிக்குத்தான் வந்து சேரும். 8.2 இருந்த என் பிஎச், விடியற்காலையில் 7.8-க்கு இறங்கியது.

ஆழி: வாயுவை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் அப்படித்தான். ரியாக்டர் உருளைக்குள் இருப்பது அரகோனைட் சில்லுகள், அதாவது கால்சியம் கார்பனேட். சாதாரணக் கடல்நீரில் அது கரையாது. வாயுவால் பிஎச் 6.5 அளவுக்கு இறங்கியதும் கரைந்து, கால்சியமும் பைகார்பனேட்டும் வெளிவரும். பவளம் எலும்புக்கூடு கட்ட எடுப்பதும் அவற்றைத்தான், அதே விகிதத்தில்: 20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) கால்சியத்துக்கு 2.8 டிகேஎச்.

கிளிஞ்சல்: இரு கரைசல் முறையிலும் அதே விகிதம்தானே? ஊற்ற அலுப்பென்றால் தானாக அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் வாங்கட்டும்.

ஆழி: விகிதத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கால்சியம் குளோரைடும் சோடியம் பைகார்பனேட்டும் ஊற்றினால் மிஞ்சுவது சோடியமும் குளோரைடும், அதாவது சமையல் உப்பு. மாதக்கணக்கில் அது சேரும். ரியாக்டரில் அந்த மிச்சம் இல்லை. சில்லிலுள்ள ஸ்ட்ரான்சியமும் கூட வரும்.

கிளிஞ்சல்: சில்லிலுள்ள பாஸ்பேட்டும் வருமே, அதை விட்டுவிட்டீர்கள்! ஒரு நாள் வாயுவை மின்சாரத்தால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. காலையில் உருளையைத் திறந்தால் சில்லுகள் கூழாகிக் கிடந்தன. கரண்டியால் வழித்தெடுத்தேன்.

ஆழி: பிஎச் 6-க்கு வந்திருக்கும். கருவியை நம்பி, உள்ளே போகும் வாயுக் குமிழிகளை எண்ணாமல் விட்டால் இதுதான் கதி. மிஞ்சும் வாயுவைத் தீர்க்க இரண்டாவது உருளை ஒன்றைச் சேர்க்கலாம். இரவில் சுண்ணாம்புத் தெளிநீர் சொட்டவிட்டாலும் பிஎச் நிமிரும்.

அலைவாய்: சரி, எவ்வளவு வேகத்தில் நீர் விடுவது?

ஆழி: உங்கள் தேவை 400 × 1.5 = 600. ரியாக்டர் நீர் 30 டிகேஎச், தொட்டி 8 என்றால், லிட்டருக்கு 22 லாபம். ஆக நாளுக்கு 27 லிட்டர், நிமிடத்துக்கு சுமார் 19 மில்லி. இரண்டு நாள் கழித்துச் சோதித்துத் திருத்துங்கள்.

கிளிஞ்சல்: வாங்குவதென்றே முடிவெடுத்துவிட்டால் ஒன்று கேளுங்கள். வெளிக்குழாயில் வால்வை இறுக்கிச் சொட்டவிடாதீர்கள், வாரத்துக்குள் அடைத்துக்கொள்ளும். குழாயைப் பிழிந்து நீரை நகர்த்தும் பெரிஸ்டால்டிக் பம்பால் இழுங்கள். இதில் மட்டும் ஆழியும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்.