கியூரேட்டருக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அடுத்த மாதம் நாங்கள் வைக்கும் சிறிய கலைக் கண்காட்சிக்குப் பதாகை அச்சடிக்க வேண்டும். கலைஞர்கள் பெயரெல்லாம் ஏற்றியாயிற்று. கியூரேட்டர், அதாவது படைப்புகளைத் தேர்ந்து காட்சியாக அமைப்பவர், என்ற இடம் மட்டும் காலி. மலாயில் ‘குராத்தோர்’ என்று வேலையை முடித்துவிட்டார்கள்.

காப்பாட்சியர் என்று போடச் சொன்னார் ஒருவர். அருங்காட்சியகத்துக்குச் சரியான சொல்தான். லத்தீன் வேருக்கும் பேணுதல் என்றே பொருள். ஆனால் எங்களிடம் காக்க என்ன இருக்கிறது? கம்பியில் தொங்கும், ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்குகள், தோட்ட லயத்து வீட்டுக் கதவுகளில் வரைந்த படங்கள். பத்து நாளில் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். அமைப்பாளர் என்றால் நாற்காலி வாடகைக்கு எடுப்பவர் (அதையும் நான்தான் செய்கிறேன், அது வேறு கதை). தொகுப்பாளர் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். நிரலாளரைக் கணினிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

இந்த வேலையில் தேர்வு பாதிதான். எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பது மீதி. மங்குகளைக் கதவுக்கு முன்னால் தொங்கவிட்டால் பால்வெட்டுக்குக் கிளம்பும் விடியற்காலை. அடுத்த அறையில் தொங்கவிட்டால் வெறும் மங்கு. அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் செய்ததும் இதுதானே? ஒற்றைப்படை எண்ணுள்ள பாட்டெல்லாம் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். பாட்டுகள் புலவர்களுடையவை, வரிசை அவருடையது.

அதனால் ‘தொடுத்தல்’ என்கிறேன். எங்கள் மாரியம்மன் கோயில் வாசலில் பூத்தொடுக்கும் அக்காவின் மாலையில் நார் கண்ணில் படாது. பட்டால் வம்பு. 1972இல் ஜெர்மனியின் காசெல் நகரில் கியூரேட்டர் ஹரால்ட் ஸேமான் நடத்திய ஐந்தாம் ‘டாக்குமென்டா’ கலைக் கண்காட்சியில் கலைஞர் டேனியல் பியூரென் இதைத்தான் சொல்லிச் சண்டை பிடித்தார்: கண்காட்சியே படைப்பாகிவிட்டது, எங்கள் படைப்புகள் அதில் வண்ணத் தீற்றல்கள் ஆகிவிட்டன என்று.

சரி, தொடுப்பாளர் என்று போடலாமா? ‘தொடுப்பு’ என்றதும் அம்மா சிரித்த சிரிப்பில் அதைக் கைவிட்டேன். ‘காட்சி தொடுத்தவர்’ என்றே போடுகிறேன். தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று பழைய நூல்களில் உள்ள வழக்குதான். பணம் கொடுத்த மளிகைக்கடைக்காரர் ‘தொடுப்பித்தவர்’ ஆகிவிடுவார், அவருக்கும் மகிழ்ச்சி.

பதவிப் பெயராக எழுத இது உதவாது. அதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.