மறு: மறு: பீட் நிலத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மூன்று நாளாக மடல்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று ஊட்டியில் நல்ல மழை, அதிசயமாகக் கரண்டும் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: பீட் என்பது நீர் தேங்கிய இடத்தில் செடிகள் பாதி மட்கிச் சேர்ந்த கறுப்புப் பொருள். இங்கிலாந்தின் தாழ்வான சமவெளிகளில் கெட்டுப்போன பீட் சதுப்புகளை மீட்பது பற்றிய ஒரு கையேட்டை, இங்கே சதுப்புகளில் வேலை செய்கிற பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பீட்டுக்கும் அது கிடக்கிற நிலத்துக்கும் என்ன பெயர் வைப்பது என்று முதல் பக்கத்திலேயே வண்டி நின்றுவிட்டது.

> ‘முற்றா நிலக்கரி’ ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா. அது அடுப்பங்கரையில் நின்று வைத்த பெயர். நெய்வேலியில் தோண்டுவது பழுப்பு நிலக்கரி, அதற்கும் முந்தைய நிலை இது, அதனால் முற்றாதது. நிலவியல் பாடத்துக்குச் சரி. ஆனால் “முற்றா நிலக்கரியை எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும்” என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவருக்கு மழையில் நனைகிற கரிமூட்டைதான் கண்ணில் வரும். முற்றாதது என்றாலே என்றைக்காவது முற்ற வேண்டியது என்றும் ஆகிவிடுகிறது. நாங்கள் கேட்பது அது அப்படியே கிடக்க வேண்டும் என்பதுதான்.

போன மாதம் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் நின்று ஒரு கைப்பிடி எடுத்தேன். முழங்கால் வரை காலணி உள்ளே போய்விட்டது, அது வேறு கதை. கையில் இருந்தது மண் மாதிரி கறுப்பாக இருந்தது. பிழிந்ததும் விரலிடுக்கில் டீத்தண்ணீர் நிறத்தில் நீர் ஒழுகியது. உள்ளங்கையில் மிஞ்சியது நார், வேர், கோரைத் தண்டின் துண்டுகள். சில துண்டுகளில் கணுகூடத் தெரிந்தது. பிழிந்தால் வெளியே வருவது தெளிந்த நீரா, கலங்கல் நீரா, கூழா என்று பார்த்து, எவ்வளவு மட்கியிருக்கிறது என்பதை 10 படியாகப் பிரிக்கிற ஒரு முறையே ஸ்வீடனிலிருந்து வந்திருக்கிறது. வயலில் அதைச் செய்யக் கருவி எதுவும் வேண்டாம், கை போதும்.

ஆக, இது பாதி மட்கியது. தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாமல், செடி செத்தும் முழுக்க அழுகாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. வடக்கு நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. சேரும் என்பார்கள். ஒரு மீட்டருக்கு ஆயிரம் ஆண்டு. நீலகிரிப் பீட்டில் உள்ள கரிமத்தின் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் கரிம அணுக்களை) அளந்துதான் சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் தென்னிந்தியாவின் 20,000 ஆண்டுக் காலநிலையை எழுதினார்கள். முழுக்க மட்கியிருந்தால் அந்தக் கணக்கே கிடைத்திருக்காது. அதனால் என் முன்மொழிவு: பொருளுக்கு அரைமட்கு. எருக்குழி பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டாம்.

> ‘பீட்’ என்றே விட்டுவிடலாமே, நர்சரிக்காரர்களே சொல்கிறார்களே.

அவர்கள் சொல்வது கோகோபீட். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரில் மிஞ்சுகிற தூளை அழுத்திக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்கிறார்களே, அது. வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் சதுப்பைத் தோண்டி எடுத்த பீட்டுக்குப் பதிலாக அதை வாங்குகிறார்கள். மாற்றாக வந்த பொருளின் பெயர்தான் நமக்குத் தெரியும், மூலப்பொருளின் பெயர் தெரியாது! ‘பீட் நிலம்’ என்றால் தென்னந்தோப்பா என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

> ‘பஞ்சுநிலம்’ அழகாக இருக்கிறதே.

அழகுதான், ஆனால் பொய் சொல்கிறது. நல்ல நிலையில் இருக்கிற சதுப்பு ஏற்கெனவே நனைந்த பஞ்சு. அதில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதை எந்தப் பஞ்சும் குடிக்காது. மீட்ட சதுப்பு வெள்ளத்துக்கு உதவுவது வேறு வழியில். வெட்டிய வடிகால் இருந்தால் மழைநீர் அதில் இறங்கி ஒரே ஓட்டமாக ஆற்றுக்குப் போகும். வடிகாலை மறித்து, மேலே பாசியும் கோரையும் அடர்ந்தால், அதே நீர் புல்லுக்குள் தடவித் தடவி நகரும், வெள்ளத்தின் உச்சம் தாழ்ந்து தாமதமாக வரும். பெயரிலேயே பஞ்சு என்று வாக்குக் கொடுத்துவிட்டால், முதல் பெருமழையிலேயே நம்மைப் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது இடத்தின் பெயர். இங்கேதான் எனக்குப் பெரிய மனக்குறை. பள்ளிக்கரணையும் சதுப்பு, பிச்சாவரமும் சதுப்பு, முக்கூர்த்திப் பள்ளமும் சதுப்பு. கையேடோ இரண்டு வகையைப் பிரிக்கிறது: மழைநீர் ஒன்றையே நம்பி, ஆமை முதுகு போல நடுவில் மேடிட்டு வளர்வது ஒன்று; ஊற்றும் கசிவும் ஓடையும் ஊட்டி வளர்ப்பது இன்னொன்று. முன்னது புளிப்பானது, சத்தில்லாதது. பூச்சி பிடித்துத் தின்கிற செடிகள் அங்கே வாழ்வது அதனால்தான். அப்படிப் பூச்சி பிடிக்கிற நம் ஊர் அழுகண்ணிக்கும் இங்கிலாந்துக்காரிக்கும் ஒரே குடும்பம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து நிலத்துக்குப் பெயர் வைப்பது நமக்குப் பழக்கம்தானே? ஆற்றுப் பாசனம், ஏரிப் பாசனம், மானாவாரி. அப்படியே மானாவாரிச் சதுப்பு, ஊற்றுச் சதுப்பு என்று வைத்தால் என்ன? நீலகிரியில் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பவற்றுக்குச் சரிவிலிருந்து இறங்கும் நீரும் சேர்வதால், இரண்டாவது பெயர்தான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

‘தாழ்நிலம்’ பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே “கீழே போறேன்” என்றால் மேட்டுப்பாளையம். அதைவிட, மேடிட்ட வகையை ‘தாழ்நில மேட்டுச் சதுப்பு’ என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘சமவெளிச் சதுப்பு’ போதும்.

அப்புறம் ‘வடிகால் அடைப்பு’ வேண்டவே வேண்டாம். அது நகராட்சிக்குப் புகார் கொடுக்கிற விஷயம். வடிகால் மறிப்பு என்று வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உதகையிலிருந்து

———

அக்கா, வணக்கம். கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன்.

மானாவாரி என்றால் எங்கள் அப்பாவுக்குச் சோளமும் கொள்ளும்தான். வெடித்துக் கிடக்கிற கரிசலை நினைத்துக்கொண்டு, ‘மானாவாரிச் சதுப்பில் இடுப்பளவு புதைந்தார்’ என்று படித்தால் எப்படி இருக்கும்? ‘வான்சதுப்பு’ என்று சுருக்கிவிடுங்கள். ஊற்றுச்சதுப்புக்கு நல்ல ஜோடி.

வேறொரு சிக்கல். பேச்சில் யாரும் ‘மட்கு’ என்று சொல்வதில்லை, ‘மக்கு’தான். உங்கள் அரைமட்கு ஒரே வாரத்தில் அரைமக்கு ஆகிவிடும். பாதி முட்டாள்!

இன்னொன்று: மீட்பில் மரம் வெட்டுவதும் உண்டல்லவா? அங்கே பிர்ச்சும் பைனும், இங்கே சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). ‘காடழிப்பு’ என்று யாராவது கிளம்பிவிடாதபடி அதற்கும் ஒரு சொல் பாருங்கள்.

———

தம்பி,

வான்சதுப்பு பிரமாதம். எடுத்துக்கொண்டேன். மானாவாரியை விளக்கத்தில் மட்டும் வைக்கிறேன், அங்கே அது நன்றாக வேலை செய்யும்.

மரத்துக்கு ‘களைமர நீக்கம்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். களை என்ற சொல்லுக்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

அரைமட்கு பற்றி நானும் யோசித்தேன். ‘அரைகுறை’யின் வாடையும் அதில் அடிக்கிறது. நேற்று பக்கத்துக் கேரட் தோட்டத்தில் வேலை செய்கிற அண்ணனிடம் அந்தக் கறுப்பு உருண்டையைக் கொடுத்து, இதற்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டேன். பிழிந்தார், முகர்ந்தார். “இது பாதி மக்கினதுங்க. இன்னும் மக்க விடாம தண்ணி பிடிச்சு வச்சிருக்கு” என்றார். கையேட்டில் இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிற விஷயம்.

இங்கிலாந்தில் ஹோம் என்ற இடத்தில் 1850களில் ஓர் இரும்புக் கம்பத்தைத் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி நட்டார்கள். நீரை வடித்த பின் தரை இறங்கி இறங்கி, இன்று கம்பம் ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தண்ணீர் போனதும் தரை சுருங்கி அமுங்கியது ஒரு பக்கம், மட்காமல் கிடந்தது மட்கிக் காற்றில் கலந்தது இன்னொரு பக்கம். இதை விளக்கவும் ‘அரைமட்கு முழுமட்கு ஆனது’ என்று ஒரே வரியில் எழுத முடிகிறது. முற்றா நிலக்கரியை வைத்து இந்த வரியை எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம்.

அரைமக்கு ஆனால் ஆகட்டும். அச்சில் ‘ட்’ விடுபடாமல் பார்த்துக்கொள்கிறேன்.