மலத்தில் முழுசாக வந்த சுகர் மாத்திரை: உங்கள் வீட்டிலும் நடந்ததுண்டா?

அம்மாப்பேட்டை தறிக்காரன்:
அம்மாவுக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 1000, மருந்தை மெதுவாக விடுகிற வகையாம். படுத்த படுக்கைதான், பெட்பேன் கழுவுவது நான். அன்றைக்குக் காலையில் அதில் மாத்திரை முழுசாகக் கிடந்தது. ஈர்க்குச்சியால் அழுத்தினேன். நொறுங்கவில்லை. அமுங்கி, கொழகொழவென்று குச்சியிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மா பார்த்துவிட்டு, "கரையாத மாத்திரைக்கு எதுக்குடா மாசாமாசம் காசு? எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சுகர் என்னவோ கட்டுக்குள்தான் இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி?

மெடிக்கல் ஷாப், அஞ்சு ரோடு:
வந்தது மாத்திரை இல்லைங்க, மருந்து இறங்கியபின் மிஞ்சிய கூடு. மருந்தோடு ஹெச்.பி.எம்.சி. மாதிரி ஒரு பாலிமரைக் கலந்து அழுத்தியிருப்பார்கள். தண்ணீர் பட்டதும் மேல்புறம் ஊறி ஜெல் படலமாகிவிடும். அப்புறம் தண்ணீர் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், மருந்தும் அதைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். படலம் தடிக்கத் தடிக்க மருந்து வருவதும் நிதானமாகும். நம்மூர் ஜவ்வரிசி வேகும்போது சுற்றிலும் கண்ணாடியாகி நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்குமே, அதே கதை. மெட்ஃபார்மின் தண்ணீரில் சட்டென்று கரைகிற சரக்கு. அதைப் பிடித்துவைக்கப் பாலிமர் நிறையவே போட வேண்டும். மாத்திரை அவ்வளவு பெரிசு ஏன் என்று என்னிடம் சண்டைக்கு வராதவர்களே இல்லை.

நைட் டியூட்டி நர்ஸ்:
எனக்கு மறக்காதது வேறு. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகிற ரைல்ஸ் டியூப் போட்ட தாத்தா. அவர் மருமகள் எஸ்.ஆர். மாத்திரையை இடித்துத் தண்ணீரில் கலக்கி வைத்திருந்தார். நான் வருவதற்குள் கப்பில் எல்லாம் திரண்டுவிட்டது. சிரிஞ்சைத் தள்ளினால் நகரவே இல்லை, டியூபையே மாற்றினோம். அடைத்ததும் நல்லதுதான். இடித்த மாத்திரை உள்ளே போயிருந்தால், நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கியிருக்கும்.

ஏற்காடு எஸ்டேட்:
மழைக்காலத்தில் அப்பா கேப்சூல்களை ஸ்டிரிப்பிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டுவைத்தார். மலைப் பனிக்கு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் மெடிக்கல் ஷாப் அண்ணா, எது வந்தாலும் கூடு என்று சொல்லிவிடாதீர்கள். பேதி இருந்தால் மருந்து முழுசாக இறங்குவதற்குள் மாத்திரை வெளியே வந்துவிடலாம். சாதாரண மாத்திரை முழுசாக வந்தாலும் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். இன்னொன்று, எல்லா எஸ்.ஆரும் ஜெல் ஆவதில்லை. பி.பி. மருந்தான நிஃபெடிபினில் ஒரு வகைக்குக் கரையாத சவ்வு, அதில் லேசரால் போட்ட துளை. தண்ணீர் சவ்வு வழியாக உள்ளே ஏறும், உள்ளிருக்கும் பாலிமர் உப்பி மருந்தைத் துளை வழியே தள்ளும். அந்தக் கூடு அமுங்கக்கூட அமுங்காது. அதை உடைத்தால் போச்சு. மாத்திரையை ஸ்டிரிப்போடு வையுங்கள், வேளைக்கு மட்டும் பிரியுங்கள், பாத்ரூம் அலமாரியில் வைக்காதீர்கள், பேரனிடம் உடைக்கக் கொடுக்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப், அஞ்சு ரோடு:
பேதி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது மெட்ஃபார்மின் பற்றி. பேரன் எங்கிருந்து வந்தான்?

அம்மாப்பேட்டை தறிக்காரன்:
பேதியெல்லாம் இல்லைங்க. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்ப மருந்து வெளியே வந்துருச்சுன்னு யாரு பாத்தா?" என்றார். சுகர் ரிப்போர்ட்டைக் காட்டினேன். சரி, சாப்பிடுகிறாராம், ஆனால் 1000 வேண்டாமாம், 500 இரண்டாக வேண்டுமாம். கொடுக்கலாமா?

மெடிக்கல் ஷாப், அஞ்சு ரோடு:
டாக்டரிடம் கேட்டுச் சீட்டை மாற்றி வாங்கிக்கொண்டு வாங்க, தருகிறேன்.