துணைவினையூக்கியா, கிளர்த்தியா? பாலித்தீன் வினையூக்கிகளுக்கான ஒரு சொல் குறித்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

பாலித்தீன் தயாரிப்பில் வினையூக்கியோடு சேர்க்கப்படும் அலுமினியச் சேர்மங்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்று நம் குழுமத்தில் எழுந்த கேள்விக்கு இதுவரை முக்கியமாகச் சேர்க்கைப்பொருள் (அடிட்டிவ்), உயர்த்தி (புரொமோட்டர்), துணைவினையூக்கி (கோகேட்டலிஸ்ட்) என்று மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றும் எனக்கு நிறைவளிக்கவில்லை. காரணங்களைச் சற்று நீட்டியே எழுத வேண்டியுள்ளது; பொறுத்தருள்க.

சேர்க்கைப்பொருளை எளிதில் விலக்கிவிடலாம். பிளாஸ்டிக் தொழிலில் இருப்போருக்கு ‘அடிட்டிவ்’ என்றால் உருவாகி முடிந்த நெகிழியில் கலக்கும் நிறமியும், வெயிலில் வெளுக்காமல் காக்கும் மருந்தும்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவதோ நெகிழி பிறப்பதற்கு முன்பே கலத்தில் இருக்க வேண்டிய பொருள். உயர்த்தி என்ற சொல்லுக்குப் பள்ளி நூல்களில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஹேபர் முறையில் இரும்போடு சேர்க்கும் மாலிப்டினம் உயர்த்தி. அது இல்லாவிட்டாலும் இரும்பு வேலை செய்யும், திறன்தான் குறையும்.

துணைவினையூக்கி என்பதைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். 1953இல் ஜெர்மனியின் மூல்ஹைமில் கார்ல் சீக்லர், டைட்டானியம் டெட்ராகுளோரைடுடன் டிரைஎத்தில்அலுமினியத்தைச் சேர்த்தபோது, அதுவரை ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் நெருக்கிச் செய்துவந்த பாலித்தீன் சாதாரண அழுத்தத்திலேயே உருவானது. அந்த அலுமினியச் சேர்மம் இல்லையென்றால் டைட்டானியம், பாலித்தீனின் மூலப்பொருளான எத்திலீன் வாயுவைச் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பின்னர் ஹாம்பர்க்கில் சின், காமின்ஸ்கி ஆகியோரின் ஆய்வில் மெட்டலோசீன்களை (இரு கரிம வளையங்களுக்கு நடுவே சிர்க்கோனியம் போன்ற உலோகம் அமைந்த வினையூக்கிகளை) இயங்கவைத்த மெத்தில்அலுமினாக்சேன் இன்னும் வெளிப்படையான சான்று; சிர்க்கோனியம் அணு ஒன்றுக்குப் பல நூறு, சில வேளைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அலுமினிய அணுக்கள் என்ற கணக்கில் அதைச் சேர்க்கிறார்கள். துணை வட்டாட்சியர் விடுப்பில் போனாலும் வட்டாட்சியர் அலுவலகம் நடக்கும். நம் அலுமினியச் சேர்மம் வராவிட்டாலோ அலுவலகத்தின் பூட்டே திறக்காது. துணை என்பது வழித்துணை, வாழ்க்கைத்துணை என்ற பொருளிலும் வருமே என்று காட்பாடிப் பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். அது சரிதான். ஆனால் என் மறுப்பு ‘துணை’ மீது மட்டுமன்று; ‘வினையூக்கி’ மீதும்தான். வினையூக்கி வினையின் முடிவில் மீளக் கிடைக்க வேண்டும். இப்பொருளோ தன் அல்கைல் தொகுதியை (மெத்தில், எத்தில் போன்ற கார்பன்-ஹைட்ரஜன் தொகுதியை) உலோகத்துக்குக் கொடுத்து, அதனிடமிருந்து வேறொன்றைப் பறித்து, அங்கே எத்திலீன் வந்தமர ஒரு காலியிடத்தை உண்டாக்கித் தானும் மாறிவிடுகிறது. வினையூக்கியே அல்லாத ஒன்றைத் துணைவினையூக்கி என்பது எப்படிப் பொருந்தும்?

ஆகவே ‘கிளர்த்தி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கிளர்வு ஆற்றல் என்பது நம் மாணவர்களுக்குப் பழகிய சொல். அதே வேரிலிருந்து, உறங்கும் உலோகச் சேர்மத்தைக் கிளர்த்துவது கிளர்த்தி. இலங்கை வழக்கில் கிளர்வு ஆற்றலை ஏவற்சக்தி என்பதால் ‘ஏவி’ என்று சுருக்கமாகச் சொல்லலாமே என்று யாழ்ப்பாண நண்பர் கேட்டிருந்தார். சொல் அழகாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் ஏவல் என்றாலே பில்லியும் சூனியமும் சேர்ந்து நினைவுக்கு வரும்.

இச்சொல்லுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 1951இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஹோகனும் பேங்க்ஸும் கண்ட குரோமியம் ஆக்சைடு வினையூக்கிக்கு இத்தகைய அலுமினியச் சேர்மம் கட்டாயமில்லை. சிலிக்கா மீது ஏறியிருக்கும் ஆறிணைதிறன் (ஹெக்சாவேலண்ட்) குரோமியத்தை எத்திலீனே ஒடுக்கி, அதாவது அதன் இணைதிறனைக் குறைத்து, கிளர்த்திவிடுகிறது. கிளர்த்தி என்பது ஒரு பொருளின் பெயராக இல்லாமல் ஒரு வேலையின் பெயராக இருப்பதால், இங்கே எத்திலீனையே கிளர்த்தி என்று தடையின்றிச் சொல்ல முடிகிறது. (காற்றுப் பட்டாலே தீப்பற்றும் அல்கைல் அலுமினியத்தின் அபாயத்துக்கு அஞ்சிக் குரோமியத்திடம் போகலாம் என்று யாரேனும் சொன்னால், ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவு மேட்டை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியத்தில் தொடங்கினாலும், இவ்வினையூக்கியைச் செய்யக் காற்றில் சுடும்போது அது நச்சு மிகுந்த ஆறிணைதிறனுக்கே போய்ச் சேருகிறது.)

அடுத்து, அபாயம் குறைந்த மாற்றுகளைத் தேடும் ஆய்வுகளைத் தமிழில் எழுத முற்படும்போதுதான் ஒரு சொல் போதாது என்பது தெரிகிறது. அல்கைல் அலுமினியம் கிளர்த்துவதோடு நிற்பதில்லை. கலத்திலுள்ள ஈரத்தையும் ஆக்சிஜனையும் தானே வாங்கிக்கொண்டு வினையூக்கியைக் காக்கிறது. மாற்றாக வந்த பென்டாஃபுளூரோஃபீனைல் போரான் சேர்மங்கள் உலோகத்துக்கு ஏறத்தாழ ஒன்றுக்கொன்று என்ற அளவிலேயே கிளர்த்திவிடும். ஆனால் ஈரத்தை வாங்கும் வேலையைச் செய்வதில்லை. எனவே சிறிதளவு டிரைஐசோபியூட்டைல்அலுமினியம் மீண்டும் உள்ளே வருகிறது. பழைய பொருள் ஒருவராய்ச் செய்த இரண்டு வேலைகள் இங்கே இருவரிடம் பிரிந்துவிட்டதால், இரண்டாம் வேலைக்குத் தனிச்சொல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்கேவெஞ்சர்’ என்பதை நேராகப் பெயர்க்கப் போனால் சாதி நாற்றம் வீசும் சொல்லில்தான் முடியும். சுமைதாங்கி, இடிதாங்கி என்பவற்றின் அமைப்பைப் பின்பற்றி ‘மாசுவாங்கி’ எனலாம்.

இனி, அபாயம் குறைந்த மாற்றுகளுக்குச் சூட்டப்படும் ‘பாதுகாப்பான’ என்ற அடைமொழி. அதைக் கலைச்சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம் என்பேன். நான் குடியாத்தத்துக்காரன், தீப்பெட்டி அடைத்த கைகளுக்கு நடுவே வளர்ந்தவன். முற்காலக் குச்சியில் இருந்த வெண்பாஸ்பரஸ் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். தொழிலாளரின் தாடை எலும்பை அரித்தது. 1906இன் பெர்ன் உடன்படிக்கையும் இந்தியாவில் 1913இன் சட்டமும் அதைத் தடுத்தன. இன்றைய குச்சியைப் பாதுகாப்புத் தீக்குச்சி என்கிறோம். அதன் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரஸும் பிரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். இரண்டும் உரசினால் தீதான். பெயரில் உள்ள பாதுகாப்பை நம்பி யாரும் தீக்குச்சி மருந்து அறைக்குள் பீடியோடு நுழைவதில்லை. அதனால் உறுதிமொழிக்குப் பதிலாகப் பண்பைச் சொல்வோம். காற்றுப் பட்டதும் தானே பற்றுவது ‘காற்றெரி’ பொருள். வெண்பாஸ்பரஸும் காற்றெரிதான், டிரைஎத்தில்அலுமினியமும் காற்றெரிதான். ஆனால் முன்னதை நீருக்குள் வைத்துக் காக்கலாம், பின்னது நீர் பட்டால் வெடிக்கும். பின்னதற்கு ‘நீர்ச்சீறி’ என்ற அடையும் சேர வேண்டும். இச்சொல் சற்று நாடகத்தனமாக ஒலிப்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வோம்.

கிளர்த்தி மீது எழக்கூடிய ஒரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒளியை உறிஞ்சிய அணுவையும் கிளர்வுற்றது என்றே எழுதுகிறோம். இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம் என்றாலும், ஒளிவேதியியல் எழுதுவோர் இதை ஏற்பார்களா என்று அறிய விரும்புகிறேன்.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதற்காக ஒன்று: “காற்றெரி அல்லாத இக்கிளர்த்தியோடு, மாசுவாங்கியாகச் சிறிதளவு அல்கைல் அலுமினியமும் தேவைப்படுகிறது.” தொழிற்சாலையில் பணிபுரியும் உறுப்பினர்கள் இதை வாய்விட்டுப் படித்து, நாக்கு எங்கே தடுக்குகிறது என்று எழுதினால் அதன்பின் பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து