பாயிண்ட் கார்டுக்கு மோனோ: 24ஆம் நாள் நாக்-அவுட்டில் இறக்கலாமா?

நடுக்கோடு:
விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் நிலைமை இது. ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியில் 12 பேர். ஆட்டத்துக்கு 34 நிமிடம் ஆடும் பாயிண்ட் கார்டுக்கு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவருக்கு) மோனோ, அதாவது எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சல். தொண்டை வலி தொடங்கி இன்று 9ஆம் நாள். காலிறுதி 24ஆம் நாளில் வருகிறது. வென்றால் 25இல் அரையிறுதி, 27இல் இறுதி. மாற்று கார்டு இரண்டாம் ஆண்டு மாணவர், இதுவரை ஆட்டத்துக்கு 6 நிமிடம்தான் ஆடியிருக்கிறார். ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பு) விதி: 10 நிமிடக் கால்பகுதி நான்கு, ஒரு முறை ஷாட் எடுக்கக் கிடைக்கும் நேரம் (ஷாட் கிளாக்) 24 நொடி.

ப்ளேபுக்கில், அதாவது அணி பழகிய செட்களில் (திட்டமிட்ட ஆட்டநகர்வுகளில்), கைவைக்கக் கூடாது என்பது என் கருத்து. மாற்று கார்டை வைத்து அதே செட்களை ஓட்டுங்கள். 24ஆம் நாள் நோயாளி எழுந்து நடமாடினால் கடைசிக் கால்பகுதியில் மட்டும் இறக்குங்கள். 8 நிமிடம் போதும். இரண்டு வாரத்தில் புது ஆட்டமுறை கற்றுக்கொடுக்கப் போனால், ஒருவருக்கு வந்த நோய் மீதி 11 பேரின் ஆட்டத்தையும் கெடுத்துவிடும்.

இடதுவிலா:
நடுக்கோடு சார், ப்ளேபுக் பற்றி மற்றவர்கள் பேசட்டும். அந்த 8 நிமிடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மோனோ வந்தவர்களில் பாதிப் பேருக்காவது மண்ணீரல் வீங்குகிறது. வீங்கினால் விலாக்கூட்டின் காப்பைத் தாண்டிக் கீழே இறங்கும், மேலுறையும் மெலிந்துவிடும். கிழிவது அரிதுதான், ஆயிரத்தில் ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரை. ஆனால் கிழிந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் நிலைமை கைமீறலாம். பெரும்பாலும் முதல் 21 நாளுக்குள் நடக்கும், ஆனால் 22ஆம் நாள் ஆபத்து பூஜ்யம் ஆகிவிடுவதில்லை. அதனால்தான் 21 நாள் முழு ஓய்வு, பிறகு காய்ச்சலோ தொண்டை வலியோ இல்லையென்றால் மட்டும் மோதல் இல்லாத லேசான பயிற்சி, மோதல் உள்ள ஆட்டத்துக்குக் குறைந்தது 28 நாள் என்று பார்க்கிறார்கள். நாளை எண்ணுவது முதல் அறிகுறியிலிருந்து, ரத்தப் பரிசோதனை முடிவு வந்த தேதியிலிருந்து அல்ல.

கூடைப்பந்தில் மோதல் இல்லை என்று யாராவது சொன்னால், ரீபவுண்டைப் பிடித்தவர் பந்தைத் தாடைக்குக் கீழ் வைத்துக்கொண்டு திரும்பும்போது அவர் முழங்கை எப்படிச் சுழல்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் பந்துக்குத் துள்ளும் கார்டின் விலாவிலும் அது படலாம். சார்ஜ் எடுத்து (பாய்ந்து வருபவரின் மோதலை உடம்பில் வாங்கி) மல்லாக்க விழுவதும், லூஸ் பாலுக்குப் பாய்வதும் இதே கணக்குதான்.

இன்னொன்று. பதிவான கிழிசல்களில் கணிசமானவை அடியே படாமல் நடந்தவை. எனவே கோர்ட்டில் இறக்காமல் ஜிம்முக்கு அனுப்பினாலும் தப்புதான். மூச்சை அடக்கி ஸ்குவாட் போட்டால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். மலச்சிக்கலில் முக்குவதைக்கூடத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

நடுக்கோடு:
தொகுதி முழுவதற்கும் பொதுவான நாள்கணக்கை ஒரு தனி ஆளின் மேல் ஏற்றுகிறீர்கள். 22ஆம் நாள் அல்ட்ராசவுண்ட் எடுப்போம். மண்ணீரல் 13 செ.மீ.க்குள் இருந்தால் என்ன தடை? 1997 ஜூன் 11 அன்று மைக்கேல் ஜோர்டான் உடம்பு முடியாமல் யூட்டாவில் 44 நிமிடம் ஆடி 38 புள்ளி எடுத்தாரே. நோய் என்றாலே பெஞ்ச் என்பது சரியா?

இடதுவிலா:
ஜோர்டானுக்கு வந்தது திடீர்க் காய்ச்சலா, உணவு நஞ்சா என்று இன்றும் பேசுகிறார்கள். எதுவானாலும் அன்று அவர் போராடியது நீரிழப்போடும் களைப்போடும். வீங்கிய மண்ணீரலை வைத்துக்கொண்டு அல்ல. மன உறுதியால் சோர்வைத் தாங்கலாம், உறையைத் தடிமனாக்க முடியாது.

ஸ்கேன் பற்றி: உயரமானவர்களுக்கு மண்ணீரல் இயல்பிலேயே பெரிது. 198 செ.மீ. உயர ஆட்டக்காரருக்கு 13.5 இயல்பாக இருக்கலாம். 10 செ.மீ. இயல்பாக உள்ள கார்டுக்கு 12.5 என்பது வீக்கம், ஆனால் அறிக்கையில் ‘இயல்பு’ என்றே வரும். சீசனுக்கு முன்பே ஸ்கேன் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடலாம். இல்லையென்றால் ஒற்றை அளவு பொய்த் தைரியம் தரும். வயிற்றைக் கையால் அழுத்திப் பார்ப்பதும் பல வீக்கங்களைத் தவறவிடும்.

பெஞ்ச்பார்வை:
மண்ணீரலோடு இதயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சுவலி, படபடப்பு, ஓடும்போது மயக்கம் இதில் ஒன்று இருந்தாலும் முதலில் இசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ (இதய ஸ்கேன்). இதயத்தசை அழற்சி என்று தெரிந்தால் 3 முதல் 6 மாதம் போட்டி ஆட்டம் கிடையாது.

அமெரிக்காவின் லயோலா மேரிமவுண்ட் கல்லூரி அணியின் ஹேங்க் கேதர்ஸ் 1989 டிசம்பரில் ஃப்ரீ த்ரோ கோட்டருகே விழுந்தார். இதயத்துடிப்புக் கோளாறு என்று மருந்து கொடுத்து மீண்டும் ஆடவிட்டார்கள். 1990 மார்ச் 4 அன்று ஆட்டத்தின் நடுவே மறுபடி விழுந்து இறந்தார். அவருக்கு இருந்தது மோனோ அல்ல, இதயத்தசை நோய். ஆனாலும் ‘நல்லாத்தான் இருக்கேன் சார்’ என்று ஆட்டக்காரர் சொல்வதை அனுமதிச் சீட்டாக எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நடுக்கோடு:
நல்ல எடுத்துக்காட்டை நீங்களே கொடுத்தீர்கள். கேதர்ஸ் போன பிறகு அந்த அணி என்ன செய்தது? ஆட்டமுறையை மாற்றவில்லை. அதே அதிவேக ஆட்டத்தோடு அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியத் தொடரில் 11ஆம் தரவரிசையில் நுழைந்து, மிச்சிகனை 149-115 என்று வீழ்த்திக் கடைசி எட்டு அணிகள்வரை போனார்கள். போ கிம்பிள் நண்பனுக்காக முதல் ஃப்ரீ த்ரோவை இடது கையால் போட்டார். மற்றபடி எல்லாம் பழைய ஆட்டமே. ப்ளேபுக்கைக் கலைக்காதீர்கள் என்று நான் சொல்வதும் அதுதான்.

இறக்கும் நாள் பற்றி: 24ஐ விட்டுக்கொடுக்கிறேன். மற்றதை விடமாட்டேன்.

ஐந்தாம்ஆள்:
சார், அந்த ஒப்பீடு இங்கே ஒட்டாது. கேதர்ஸ் ஃபார்வர்டு. மேரிமவுண்ட் ஆட்டம் வேகத்தின் மேல் நின்றது, ஒரே ஆளின் டிரிபிள் (பந்தைத் தட்டிக்கொண்டு நகர்வது) மேல் அல்ல. நீங்கள் சொல்லும் அணியில் 40 நிமிடத்தில் 34 நிமிடம் ஆட்டத்தை நடத்துவது ஒரே ஆள். அவருடைய அசிஸ்ட்டை எண்ணாதீர்கள். ஷாட் கிளாக்கில் 7 நொடி மீதி இருக்கும்போது பந்து யாரிடம் போய்ச் சேர்கிறது என்று வீடியோவில் எண்ணுங்கள். கழன்று போயிருப்பது அந்த இடம்தான்.

அதே ஹை பிக்-அண்ட்-ரோலை, அதாவது சக ஆட்டக்காரர் குறுக்கே நின்று டிஃபெண்டரை மறிக்க (ஸ்கிரீன்), கார்டு அவரைச் சுற்றி ஓடும் ஆட்டத்தை, மாற்று கார்டு ஓட்டினால் என்ன ஆகும்? அவர் வெளியிலிருந்து போடமாட்டார் என்று முதல் இரண்டு நிமிடத்திலேயே எதிரணி கண்டுபிடிக்கும். டிஃபெண்டர் ஸ்கிரீனுக்குக் கீழாகப் போய் முன்னால் வந்து நிற்பார். சென்டரைத் தடுக்கும் ஆள் வளையத்தடிப் பகுதியை (பெயிண்ட்) விட்டு நகரவே மாட்டார். கார்டு டிரிபிளை நிறுத்தி, பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, விங்கை (பக்கவாட்டில் ஆடுபவரை) தேடுவார். அந்தப் பாஸ் மிதந்து போகும், எதிரணி அதைப் பறித்துக்கொண்டு நேராக லேஅப்புக்கு ஓடும். பிள்ளை பயந்துவிட்டான் என்று பெஞ்சில் சொல்வார்கள். தப்பு பிள்ளையுடையது அல்ல, அந்த செட் அவனுக்கானது அல்ல.

செய்ய வேண்டியது இது. 14 செட் இருந்தால் 5 ஆக்குங்கள். பந்தை முன்னால் கொண்டுவருவது ஒருவர், ஆட்டத்தைத் தொடங்குவது இன்னொருவர் என்று வேலையைப் பிரியுங்கள். மாற்று கார்டு அரைக்கோட்டைத் தாண்டியதும் விங்கிடம் பந்தைக் கையோடு கை மாற்றி (ஹேண்ட்-ஆஃப்) கொடுத்துவிட்டுக் கார்னருக்கு ஓடட்டும். ஸ்கிரீனை விங்குக்குப் போடுங்கள், அதுவும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஒரு எட்டு உள்ளே. அங்கே கீழாகப் போகும் டிஃபெண்டருக்குத் திரும்பி வர இடம் இருக்காது. ஷாட் கிளாக்கில் 7 நொடி மீதி இருக்கும்போது கூப்பிட ஒரே ஒரு செட், ஒரே ஆள், ஒரே பக்கம்.

நடுக்கோடு:
விங் ஆட்டக்காரருக்கு இரட்டைச் சுமை ஏற்றுகிறீர்கள். எதிரணியின் சிறந்த ஸ்கோரரைத் தடுப்பதும் பெரும்பாலும் அவர்தான். மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள் கால் போய்விடும். முழுக்கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுவதும் நெருக்கித் தடுப்பது) வந்தால் உங்கள் ஹேண்ட்-ஆஃப் தொடங்கும் இடம்வரை பந்து வரவே வராது.

ஐந்தாம்ஆள்:
இரண்டும் நியாயமான கேள்வி. சுமைக்கு: விங்கை எதிரணியின் மூன்றாவது ஸ்கோரர் மேல் மாற்றுங்கள். மாற்று கார்டுக்கு 24 முதல் 26 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். முதல், மூன்றாம் கால்பகுதியில் 2 நிமிடம் மீதி இருக்கும்போது விங்கை வெளியே எடுத்தால் 2 நிமிட இடைவேளையும் சேர்ந்து, விசில் நிறுத்தங்களோடு 5 நிமிடத்துக்கு மேல் மூச்சு கிடைக்கும், ஆனால் ஆட்டத்தில் இழப்பது 2 நிமிடம்தான். ஃப்ரீ த்ரோ தொடர்ந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டால் கால் போய்விட்டது என்று பொருள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பிரஸ்ஸுக்கு: 1-2-1-1 (முன்னாலிருந்து பின்னால் அந்த எண்ணிக்கையில் டிஃபெண்டர்கள் நிற்கும் பிரஸ்) வந்தால் தவறு நடக்கும் இடம் கார்னர். அங்கே பந்தை வாங்கினால் பக்கக்கோடும் அடிக்கோடும் கூடுதலாக இரண்டு டிஃபெண்டர்கள். மாற்று கார்டு ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் (எல்போ) வாங்க வேண்டும். வாங்கியதும் டிரிபிள் வேண்டாம். பிவட் செய்து நடுவட்டத்துக்கு ஓடிவரும் ஆளைப் பார்க்க வேண்டும். அது அடைபட்டால், அடிக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைப் போட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் கோர்ட்டுக்குள் வந்து நிற்கும் இன்பவுண்டரிடம் திருப்பி, அவர் வழியாக மறுபக்கம். மூன்று பாஸுக்கு 4 நொடி, அரைக்கோட்டைத் தாண்ட விதி தருவது 8 நொடி. கூடை விழுந்த பிறகு இன்பவுண்டர் அடிக்கோடு நெடுக ஓடலாம். விசிலுக்குப் பிறகு அந்தச் சலுகை கிடையாது, எனவே அதற்குத் தனி அமைப்பு வேண்டும். தினமும் 15 நிமிடம், 5 பேருக்கு எதிராக மீதி 6 பேர் பிரஸ் போடட்டும்.

பெஞ்ச்பார்வை:
பயிற்சிக்கூடத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. மோனோ எச்சில் வழியாகப் பரவும். அறிகுறி வெளிவர 4 முதல் 6 வாரம். எனவே இரண்டு வாரத்தில் யாருக்கும் வரவில்லை என்று நிம்மதி அடைய முடியாது. குணமான பிறகும் மாதக்கணக்கில் எச்சிலில் வைரஸ் இருக்கும் என்பதால் அவரைத் தனி அறையில் பூட்டுவதிலும் பயன் இல்லை. பாட்டில் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. பொது ஜக்கில் வாய் வைத்துக் குடிப்பது, ஒரே துண்டில் முகம் துடைப்பது, மவுத்கார்டை அடுத்தவரிடம் கொடுப்பது, எல்லாம் அன்றோடு முடிய வேண்டும்.

வேறொருவருக்குத் தொண்டை வலி வந்து மோனோ டெஸ்ட் நெகட்டிவ் என்றால், முதல் வாரத்தில் அது தவறாக நெகட்டிவ் காட்டுவது சகஜம். ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அதுவரை பயிற்சி வேண்டாம். தானாக அமாக்சிசிலின் வாங்கிப் போட்டால் மோனோ உள்ளவருக்கு உடம்பு முழுக்கத் தடிப்பு வரும் வாய்ப்பு அதிகம். வைரஸுக்கு அது வேலையும் செய்யாது.

நடுக்கோடு:
சரி, 27ஆம் நாள் இறுதி ஆட்டம்? 28க்கு ஒரு நாள்தான் குறைவு.

இடதுவிலா:
சார், அந்த ஒரு நாளை விடுங்கள். 22ஆம் நாள் அவர் தொடங்குவதே 15 நிமிட சைக்கிள், உச்ச இதயத்துடிப்பில் 70 சதவீதத்துக்குக் கீழ். மறுநாள் காலை எழும்போது சோர்வு இல்லையென்றால் 20 நிமிட ஓட்டம், நின்ற இடத்தில் ஷூட்டிங். பிறகு தனி டிரிபிள் பயிற்சி, பிறகு எதிராள் இல்லாமல் 5 பேர் ஓட்டும் செட். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம், சோர்வு வந்தால் ஒரு படி கீழே. 27ஆம் நாள்வரை யாரும் அவர் மேல் கை வைத்திருக்கவே மாட்டார்கள். முதல் மோதல் இறுதி ஆட்டத்தில் நடக்க வேண்டுமா? மூன்று வாரம் படுத்த காலில் முழுவேக ஸ்பிரிண்ட் ஓடினால் ஹாம்ஸ்ட்ரிங்கும் போகும். இடையில் இடது மேல்வயிற்றிலோ இடது தோள்பட்டையிலோ காரணமில்லாமல் வலி வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு நேராக அவசர சிகிச்சைக்கு. தோளில் அடிபட்டிருக்கும் என்று ஐஸ் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

நடுக்கோடு:
ஒப்புக்கொள்கிறேன், இந்தத் தொடரில் அவர் ஆடவேண்டாம். ஆனால் அவர் தலையில் இருப்பதை வீணாக்கக் கூடாது. ஒவ்வொரு எதிரணி கார்டும் எந்தக் கைக்குப் போவார் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஐந்தாம்ஆள்:
அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் காய்ச்சல் இருக்கும் நாள்களில் காலைப் பயிற்சிக்கு வரச்சொல்லாதீர்கள், தூங்கட்டும். வீடியோ போனில் போனால் போதும். ஆட்ட நாளில் டைம்-அவுட்டின் முதல் 15 நொடி அவரும் மாற்று கார்டும் மட்டும் பேசட்டும், பிறகு பயிற்சியாளர். முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3 டைம்-அவுட்தான், அதனால் ஒரு முறைக்கு ஒரே ஒரு செய்தி.

நாளைய பயிற்சியில் முதலில் இன்பவுண்டரை மாற்றுங்கள். இந்த அணிகளில் வழக்கமாக உயரமான சென்டர்தான் பந்தைப் போடுவார், பாஸ் தெரிந்த பாயிண்ட் கார்டு அதைச் சமாளித்துக்கொள்வார். இனி அதைச் சமாளிக்க ஆள் இல்லை. பவர் ஃபார்வர்டிடம் கொடுத்து, இடது கை, வலது கை இரண்டாலும் ஐம்பது ஐம்பது பாஸ் போடச் சொல்லுங்கள்.