ஸ்க்ரப் டைஃபஸ் வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

அணைக்கட்டு_வாசி:
மாமனாருக்கு ஒரு வாரமாக விடாத காய்ச்சல், தலைவலி. டெங்கு இல்லை, மலேரியாவும் இல்லை, அப்புறம் அக்குளில் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டு ஸ்க்ரப் டைஃபஸ் என்று டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தட்டு, துண்டெல்லாம் தனியாக வைக்கணுமா?

காட்பாடி_லேப்:
வேண்டாம் சார், ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது. புதர், புல்லில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்தால்தான் அந்த பாக்டீரியா (ஓரியன்ஷியா) உள்ளே போகும். கடித்தது தெரியாது, காய்ச்சல் வர 6 முதல் 21 நாள் ஆகலாம். அதற்குள் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து பெருகிவிடும், குழாய் கசியும், அதனால்தான் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எதையும் விட்டுவைக்காது. செல்லுக்கு உள்ளேயே இருப்பதால் பென்சிலின் வகை மருந்தெல்லாம் வேலைக்கு ஆகாது.

ஜவ்வாது_மலை:
நம்ம பக்கம் மழை விட்டுப் பனி ஆரம்பிக்கும் மாதங்களில் இது சகஜம்தான். நிலத்துக்குப் போகிறவரா?

அணைக்கட்டு_வாசி:
ஆமாங்க, வேர்க்கடலைக் கொல்லை. வரப்பிலேயே துண்டை விரித்துப் படுப்பார்.

காட்பாடி_லேப்:
அதுதான் விஷயம். வந்ததும் குளிக்கச் சொல்லுங்கள், துணியைத் துவைக்கப் போடுங்கள், வீட்டைச் சுற்றி எலி நடமாடும் புதரை வெட்டுங்கள். மாத்திரை போட்டால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும், இறங்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போங்கள்.