ஓடி ஜெயிச்ச குதிரையா, குட்டி ஜெயிச்ச குதிரையா?

கிண்டி_கேலரி:
நண்பர்களே, ஒரு பஞ்சாயத்து. நாங்க மூணு பேர் கூட்டா வச்சிருந்த பெட்டைக்குதிரை போன மாசத்தோட ரேஸ்லேர்ந்து ஓய்வு. ஆறு வயசு. நாலு ஜெயிப்பு, நாலுமே 1200 மீட்டருக்குள்ள. விக்க மனசு வரல, குட்டி எடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். சண்டை எந்தப் பொலிகுதிரைகிட்ட (குட்டிக்காகச் சேர்க்கற ஆண்குதிரை) விடறதுங்கறதுல.

ஒரு ஸ்டட் ஃபார்ம்ல இங்கிலாந்துலேர்ந்து புதுசா ஒருத்தன் இறங்கியிருக்கான். குரூப் 1, அதாவது உச்ச தர ரேஸ் ஜெயிச்சவன். இதுதான் அவனுக்கு முதல் சீசன். இன்னொரு ஃபார்ம்ல பதினேழு வயசுக் கிழவன். ரேஸ்ல பெருசா எதுவும் கிழிக்கல, ஆனா அவன் குட்டிங்க வாராவாரம் ஏதாவது ஒரு ஊர்ல ஜெயிச்சுக்கிட்டு இருக்கு. புதுசுக்குக் கட்டணம் ரெண்டு மடங்கு. கூட்டாளி ஒருத்தர் கிழவன் பக்கம், நான் புதுசு பக்கம். தனக்கே ஓடத் தெரியாதவன் பிள்ளைக்கு என்னத்தக் குடுப்பான்?

கணக்குப்பிள்ளை:
கூட்டாளி சொல்றதைக் கேளுங்க. 1970ல பிறந்த ரெண்டு அமெரிக்கக் குதிரைகளை எடுத்துக்கலாம். ஒண்ணு செக்ரடேரியட். 1973ல ட்ரிபிள் கிரவுன், அதாவது கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் மூணும். பெல்மான்ட்ல 31 குதிரை நீளம் முன்னாடி வந்தான், 2 நிமிஷம் 24 செகண்ட், இன்னிக்கு வரைக்கும் உடையல. அந்த மூணு ரேஸுக்கும் முன்னாடியே அவனை 32 பங்காப் பிரிச்சு, பங்கு 1,90,000 டாலர்னு மொத்தம் 60,80,000 டாலருக்கு வித்தாச்சு.

இன்னொண்ணு மிஸ்டர் ப்ராஸ்பெக்டர். நல்ல வேகம், ஆனா அந்த மாதிரிப் பெரிய ரேஸ், கிளாசிக்னு சொல்றது, ஒண்ணுகூட இல்ல. உங்க மேர் (பெட்டைக்குதிரை) மாதிரி 1200 மீட்டர் ஆசாமி. முதல்ல பொலிக்கு விட்டது குதிரை வளர்ப்புக்குப் பேர்போன கென்டக்கியிலகூட இல்ல, ஃப்ளோரிடாவுல. இன்னிக்கு அமெரிக்காவுல எந்தப் பெடிகிரியை (வம்சாவளி) பிரிச்சாலும் அவன் பேர் வந்து நிக்கும். செக்ரடேரியட்டோட ஆண்வழியைப் பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும்.

லாயத்துக்காரன்:
வணக்கமுங்க. பதினோரு வருசம் ஸ்டட் ஃபார்ம்ல வேலை பார்த்தவன். ஸ்டாலியன், அதாங்க பொலிகுதிரை, கிடக்கட்டும், மேரோட முன்னங்கால் எப்படிங்க?

பெடிகிரி_பித்தன்:
கணக்குப்பிள்ளை, பாதிக் கதையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறீர்கள். செக்ரடேரியட் தோற்ற பொலிகுதிரை என்று யார் சொன்னது? ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட் என்ற பெரிய பொலிகுதிரைகள் மூவருக்கும் தாய்வழித் தாத்தா யார்? அவன் மகன்களில் ரைசன் ஸ்டார் 1988ல் ப்ரீக்னஸ், பெல்மான்ட் இரண்டும் எடுத்தான். மகள் லேடீஸ் சீக்ரெட் 1986ன் அமெரிக்கச் சிறந்த குதிரை. ஆனால் அவன் கைவைத்த இடம் மகள்களின் வயிறு. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நம் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

ஓட்டத்துக்கு உதவும் பெரிய இதயம் எக்ஸ் குரோமோசோம் வழியாகப் போகிறது என்று ஒரு கருத்து உண்டு. தகப்பன் தன் எக்ஸை மகளுக்குத்தான் கொடுக்க முடியும், மகனுக்கு இல்லை. செக்ரடேரியட் இதயம் 22 பவுண்டு.

கணக்குப்பிள்ளை:
யார் எடை போட்டது? பிரேதப் பரிசோதனை பண்ணின டாக்டர் கண்ணால பார்த்துச் சொன்ன மதிப்பு அது, தராசுல வைக்கல. 1973ல அவன் பின்னாடியே ஓடித் தோத்த ஷாம் இதயத்தைத்தான் எடை போட்டாங்க, 18 பவுண்டு. பெரிய இதயம் உண்மையா இருக்கலாம். எக்ஸ் குரோமோசோம் கதை இன்னும் கதைதான்.

கிண்டி_கேலரி:
ஐயா சாமிகளா, எனக்கு வேணும்கறது ஓடுற குட்டி. பேரன் பேத்தி எடுக்கறதுக்கு எனக்கு ஆயுசு இல்ல.

இங்கிலாந்துக் குதிரை ஃப்ராங்கலை என்ன சொல்றீங்க? 14 ரேஸ், 14 ஜெயிப்பு. 2013ல பொலிக்கு வந்தான், முதல் சீசன் கட்டணமே 1,25,000 பவுண்டு. 2021ல பிரிட்டன், அயர்லாந்து ரெண்டுக்கும் சேர்த்து சாம்பியன் பொலிகுதிரை, அதாவது அந்த வருஷம் அதிகப் பணம் ஜெயிச்சது அவன் குட்டிங்கதான். அவன் அப்பன் கலிலியோ 2001 எப்ஸம் டெர்பி ஜெயிச்சவன், 12 தடவை அதே பட்டம். ஓடினவன் குட்டி ஓடுதா இல்லையா?

கணக்குப்பிள்ளை:
ஃப்ராங்கல்கிட்ட முதல் வருஷம் போன மேருங்க யார் யார்னு பார்த்தீங்களா? உலகத்துல இருக்கற கிளாசிக் ஜெயிச்ச மேருங்க, கிளாசிக் ஜெயிச்சதைப் பெத்த மேருங்க எல்லாம் வரிசையில நின்னுச்சு. நூறு கலெக்டர் வீட்டுப் பிள்ளைங்களைச் சேர்த்துக்கிட்டு பள்ளிக்கூடம் நூறு சதவீதத் தேர்ச்சின்னு பேனர் கட்டற மாதிரி.

இதுக்குத்தான் அமெரிக்காவுல ரெண்டு எண் போடறாங்க. ஏ.ஈ.ஐ.ன்னு ஒண்ணு: இந்த ஸ்டாலியனோட குட்டிங்க சராசரியா எவ்வளவு பணம் ஜெயிச்சுது, 1ங்கறது பொதுச் சராசரி. சி.ஐ.ன்னு இன்னொண்ணு: அதே மேருங்க வேற ஸ்டாலியன்கிட்டப் போய்ப் பெத்த குட்டிங்க எவ்வளவு ஜெயிச்சுது. முதல் எண் ரெண்டாவதைவிடப் பெருசா இருந்தா ஸ்டாலியன் மேரைத் தூக்கி விடறான். சின்னதா இருந்தா மேர்தான் அவனைத் தூக்கிச் சுமக்குது. ஃப்ராங்கல் இந்தக் கணக்குலயும் தேறுவான், அதை மறுக்கல. உங்க புதுசு தேறுவானா? அவனுக்கு ரெண்டு எண்ணும் கிடையாது, ஏன்னா ஒரு குட்டிகூட இல்ல. கிழவனுக்கு இருக்கு.

இன்னொண்ணு. 2008ல எடின்பரோ பல்கலைக்கழக ஆளுங்க ரெண்டு பேர் பிரிட்டிஷ் குதிரைகளை வச்சுக் கணக்குப் போட்டாங்க. ஆயுசு முழுக்க ஒரு குதிரை ஜெயிக்கற பணத்துல இருக்கற ஏற்றத்தாழ்வுல பத்துல ஒரு பங்குதான் பரம்பரையால வருது. மிச்சம் தீனி, டிரெய்னர், ஜாக்கி, அதிர்ஷ்டம். கவரிங் கட்டணம் (மேரைச் சேர்க்க ஃபார்ம் வாங்கற பணம்) பெருசுன்னா ஜீன் நல்லதுன்னு நம்பவும் முடியாதுன்னாங்க. ரெண்டு மடங்கு குடுக்கறதுக்கு முன்னாடி இதை ஒருவாட்டி படிச்சுக்குங்க.

மலை_ரேஸ்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இன்னிக்கு சினை பிடிச்சா பதினோரு மாசம். பிறந்தது லகான் போட்டு ஓட இன்னும் ரெண்டு, ரெண்டரை வருஷம். 2024 ஜூன்ல ஊட்டி ரேஸ்கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கிச்சு, செப்டம்பர்ல கிண்டி 160 ஏக்கர் குத்தகை ரத்து. பந்தயம் கட்டற பணத்துக்கு 28 சதவீதமா இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர்லேர்ந்து 40 சதவீதம். நீங்க பேர்ல கிண்டியை வச்சுக்கிட்டு குட்டி எடுக்கப் போறீங்க. எங்க ஓட விடுவீங்க?

கிண்டி_கேலரி:
பெங்களூரு, ஹைதராபாத் இருக்கு சார். வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க.

பெடிகிரி_பித்தன்:
எண்களால் எல்லாம் அளந்துவிடலாம் என்றால் கணிப்பொறிகாரர்கள் டெர்பி ஜெயித்துக்கொண்டிருப்பார்கள். சேர்க்கை என்று ஒன்று இருக்கிறது. டேன்ஹில் என்ற பொலிகுதிரையை எடுங்கள். தந்தை டான்சிக்கின் பக்கம் போனாலும் தாய் ரஸ்யானாவின் பக்கம் போனாலும் மூன்றாவது தலைமுறையில் ஒரே கிழவி உட்கார்ந்திருப்பாள்: நடால்மா, டான்சிக்கின் தந்தை நார்தர்ன் டான்சரைப் பெற்றவள். உறவுக்குள் கட்டிய கல்யாணம். அந்த டேன்ஹில்லின் மகள்கள் கலிலியோவுக்குப் போனபோது ஃப்ராங்கல் வந்தான். அவன் தாய் கைண்ட், டேன்ஹில் மகள். கலிலியோவின் இன்னொரு மகன் டியோஃபிலோவின் தாயும் டேன்ஹில் மகள்தான். இது தற்செயலா?

ஆகவே நம் நண்பர் கேட்க வேண்டியது புதுசா கிழவனா என்பதல்ல. தன் மேரின் ரத்தத்தோடு எவன் ரத்தம் பொருந்தும் என்பது.

கணக்குப்பிள்ளை:
அந்தக் காலத்துல அயர்லாந்துல நல்ல மேர்ல பாதி டேன்ஹில் மகள். நல்ல ஸ்டாலியன்னா கலிலியோ. ரெண்டும் சேராம எங்க போகும்? எத்தனை ஜோடி சேர்ந்துது, அதுல எத்தனை வெறும் தவிடு தின்னுட்டு லாயத்துல நின்னுதுன்னு யாரும் பேனர் கட்ட மாட்டாங்க.

உங்க ரத்தம் பார்க்கற ஆளுங்கதான் சண்டே சைலன்ஸை விட்டுட்டாங்க. 1989ல கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ் ரெண்டும் ஜெயிச்சான். தாய்வழி சரியில்லைன்னு அமெரிக்காவுல பங்கு வாங்க ஆள் வரல. ஜப்பான்லேர்ந்து ஜென்யா யோஷிடா வந்து ஓட்டிக்கிட்டுப் போனார். 1995லேர்ந்து 2007 வரைக்கும் 13 வருஷம் தொடர்ந்து அங்க அவன்தான் நம்பர் ஒன். ஜப்பானோட பெரிய சாம்பியன் டீப் இம்பாக்ட் அவன் மகன்.

கிண்டி_கேலரி:
ஆஹா! பெரிய ரேஸ் ஜெயிச்சவன், பெரிய பொலிகுதிரை ஆனான். நன்றி கணக்குப்பிள்ளை, என் பக்கம் வந்துட்டீங்க :)

கணக்குப்பிள்ளை:
வரல. டெர்பி ஜெயிச்ச மத்த அத்தனை பேரும் எங்க போனாங்கன்னு எண்ணிப் பாருங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். உஷா ஸ்டட்ல இருந்த ரஸீன். நார்தர்ன் டான்சர் மகன். 1990 எப்ஸம் டெர்பிக்கு ஃபேவரிட்டா போய், கூட்டத்தோட கூட்டமா வந்தான். இங்க வந்து எத்தனையோ வருஷம் இந்தியாவோட சாம்பியன் பொலிகுதிரை.

கிண்டி_கேலரி:
பூனாவாலா ஃபார்ம்ல இருந்த ப்ளேசர்வில்? 1993ல ராயல் ஆஸ்கட்ல பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஸ்டேக்ஸ் ஜெயிச்சவன். அவனும் இங்க சாம்பியன். அவன் யார் மகன் தெரியுமா? உங்க மிஸ்டர் ப்ராஸ்பெக்டர் மகன். ஓட்டமும் இருந்துச்சு, ரத்தமும் இருந்துச்சு. இப்ப என்ன சொல்றீங்க?

பெடிகிரி_பித்தன்:
ரஸீன், ப்ளேசர்வில் இரண்டிலும் ரத்தம் ஜெயித்திருக்கிறது என்று சொல்கிறேன்.

லாயத்துக்காரன்:
மூணு பேரும் அமெரிக்கா, ஜப்பான் போயிட்டு வந்தாச்சு. என் கேள்வி அப்படியே கிடக்குதுங்க.

அதுக்கு முன்னாடி புதுசு பத்தி ஒண்ணு. தொடர்ந்து 16 ரேஸ் ஜெயிச்ச சிகார், பொலிக்கு விட்டப்ப ஒரு மேர்கூட சினை பிடிக்கல. 2002ல கென்டக்கி டெர்பி ஜெயிச்ச வார் எம்ப்ளத்தை ஜப்பான்காரங்க வாங்கிட்டுப் போனாங்க. அவனுக்குப் பெட்டைங்க மேல நாட்டமே இல்ல, லாயத்துல இருக்கறவங்க தலையால தண்ணி குடிச்சாங்க. மாட்டுக்குப் போடற மாதிரி ஊசியும் போட முடியாதுங்க. தரோபிரெட் (ரேஸ் குதிரை இனம்)னா ஸ்டாலியன் நேர்ல ஏறினாத்தான் குட்டியைப் பதிவேட்டுல சேர்ப்பாங்க. மேருக்கு 21 நாளைக்கு ஒருக்கத்தான் பருவம். ரெண்டு மூணு தடவை தவறினா சீசனே போச்சு. அதனால முதல் சீசன் ஸ்டாலியன்னா, குட்டி உசிரோட எந்திரிச்சு நின்னாத்தான் காசுன்னு எழுதி வாங்கிக்குங்க.

இப்பச் சொல்லுங்க, மேரோட முன்னங்கால் எப்படி?

கிண்டி_கேலரி:
அண்ணே, கோச்சுக்காதீங்க, கவனிக்கல. இடது முன்னங்கால் குளம்பு கொஞ்சம் வெளிப்பக்கம் பார்க்கும். நேர்ல பார்த்தாத்தான் தெரியும். கடைசி வருஷம் அந்தப் பக்க முழங்கால்ல வீக்கம், அதனாலதான் நிறுத்தினோம். அதையும் மீறி நாலு ஜெயிச்சுதே!

பெடிகிரி_பித்தன்:
மிஸ்டர் ப்ராஸ்பெக்டரின் முன்னங்காலும் வெளிப்பக்கம் திரும்பியதுதான். டான்சிக் முழங்கால் கெட்டு மூன்றே ரேஸோடு நின்றான், மூன்றும் ஜெயித்து. இருவரும் என்ன கெட்டுப்போனார்கள்?

லாயத்துக்காரன்:
அவங்க கெட்டுப்போகலீங்க. அவங்க குட்டிங்கள்ல எத்தனை கால் நொண்டி பாதியில நின்னுச்சுன்னு லாயத்துல இருக்கறவனைக் கேளுங்க. ஆயிரம் குட்டி போடறவனுக்கு நூறு நொண்டினாலும் பேர் நிக்கும். இவங்களுக்கு வருசத்துக்கு ஒரு குட்டி. அது நொண்டினா எல்லாம் போச்சு.

திரும்பின காலு ஒரு பக்கம் மட்டும் இருந்தா பரவாயில்லீங்க. அப்பனுக்கும் அதே கோணல் இருந்துச்சுன்னா குட்டிக்கு வந்தே தீரும்னு வச்சுக்குங்க. நான் இறக்கின குட்டிங்கள்ல பார்த்தது. புதுசோட கால் எப்படி?

கிண்டி_கேலரி:
ஃபார்ம் அனுப்பின படத்துல நேராத்தான் இருக்குண்ணே. சிலை மாதிரி நிக்கறான்.

லாயத்துக்காரன்:
பக்கவாட்டுப் படமா?

கிண்டி_கேலரி:
ஆமா. மூணு படம், மூணும் பக்கவாட்டு.

லாயத்துக்காரன்:
எல்லா ஃபார்மும் பக்கவாட்டுலதான் எடுப்பாங்க தம்பி. எலும்பு, கழுத்து, பின்பக்கம் எல்லாம் அழகாத் தெரியும். குளம்பு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு மட்டும் தெரியாது.

கணக்குப்பிள்ளை:
இதுக்கு என்கிட்ட எண் இல்ல. ஒத்துக்கறேன்.

கிண்டி_கேலரி:
ஞாயித்துக்கிழமை கூட்டாளியோட ரெண்டு ஃபார்முக்கும் போறேன். கிழவனையும் பார்த்துடறோம். முன்னாடி நின்னு படம் எடுத்துப் போடறேன். போதுமாண்ணே?

லாயத்துக்காரன்:
நிக்க வச்சுப் பார்க்காதீங்க. நிக்கறப்ப சாயிஸ் (குதிரைக்காரன்) காலைச் சரியா வச்சிருவான். நேரா உங்களைப் பார்த்து நடத்திக் கூட்டியாரச் சொல்லுங்க, அப்புறம் உங்களை விட்டு நடத்திப் போகச் சொல்லுங்க. புல்லு மேல வேண்டாம், கெட்டித் தரையில. வீடியோவா எடுத்துப் போடுங்க. மேரையும் அதே மாதிரி.